கூடப் போனவர்கள்

எங்கள் பாட்டிக்கு மதராஸ் தெரியாது, பஸ்ரா தெரியும். ‘பசுரா’ என்பாள். தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்துக்குத் துணி வெளுக்கப் போனவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. சிப்பாய்களின் காக்கியைத் துவைத்துக் கஞ்சி போட்டுப் பெட்டி தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை. அங்கிருந்து அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியும் கம்பளிக் கோட்டும் மானாம்பதி வீட்டுப் பரணில் ரொம்ப நாள் கிடந்தன. கோட்டு பூச்சி அரித்துப் போய்விட்டது. பெட்டி இன்னும் இருக்கிறது, அதில் அம்மா உளுந்து வைத்திருக்கிறாள்.

அந்தக் கதையைப் பாட்டி எப்போதும் ஒரே மாதிரி முடிப்பாள். “ரெண்டு பேராத்தான் போனாங்க. இவரு வந்துட்டாரு. கூடப் போனவன் வரலை.”

“அவரு பேரு என்ன பாட்டி?”

“யாருக்குத் தெரியும்? கூடப் போனவன்னுதான் சொல்லுவாங்க.”

மும்பையில் அக்கா மகனின் குழந்தைக்குக் காதுகுத்து என்று கார்த்திகை மாதத்தில் கிளம்பியபோது இந்தப் பேச்செல்லாம் என் மனசில் இல்லை. போகும் வழியிலேயே அது ஒவ்வொன்றாக ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மானாம்பதியிலிருந்து காலை பஸ். மழை நன்றாகப் பெய்திருந்த வருஷம், ஏரிகள் தளும்பிக்கொண்டிருந்தன. உத்திரமேரூரில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில்தான் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, முதலாம் பராந்தகன் காலத்தவை. யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, கணக்குக் காட்டாதவனின் உறவுக்காரன் எதுவரை விலக்கப்படுவான் என்று அந்தச் சுவர் விலாவாரியாகப் பேசும். எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூர்க்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்ளும் சுவர் அது. நானும் அடித்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் இறங்கியபோது ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. நண்பர் ஒருவர் பைக்கோடு வந்திருந்தார். “புள்ளலூர் போய்ட்டு வந்துடலாமா? அப்படியே அரக்கோணத்துல விட்டுடறேன்” என்றார். நகரத்துக்கு வடக்கே வயல்வெளிகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். ஆனால் அந்த மண்ணில் விழுந்த ரத்தத்துக்குக் கணக்கில்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மகேந்திரவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதியதாகச் சொல்லப்படும் இடம். 1780 செப்டம்பர் 10 அன்று திப்பு சுல்தானும் ஹைதர் அலியும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நசுக்கிய இடமும் இதுதான். மைசூர்க்காரர்களின் ராக்கெட்டுகள் பறந்தன, கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செத்துப்போனார். கூப்பிடு தூரத்தில், காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி ஹெக்டர் மன்ரோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். காஞ்சிபுரத்துக் குளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பீரங்கிகள் ஞாபகம் வரும்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே இடத்தில் இன்னொரு சண்டை. அதில் செத்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு, ஜார்ஜ் பிரௌன், ஜேம்ஸ் ஹிஸ்லப் என்ற இருவருக்கு, வயலோரத்தில் இரண்டு கூர்த்தூண்கள் நிற்கின்றன. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

“வெள்ளக்காரன் சமாதிங்க. வேற யாரு வெப்பாங்க இந்தக் காட்டுல?”

“செத்தது வெள்ளக்காரங்க மட்டுமாம்மா?”

அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நம்மாளுங்களும் செத்திருப்பாங்க. நம்மாளுங்களுக்கு யாரு கல்லு வெக்கிறது?”

இந்தப் பதில் முழுக்கச் சரியில்லை என்று பைக்கில் போகும்போது எனக்கே தோன்றியது. கல் வைப்பதில் நம்மைப் போலப் பழக்கப்பட்டவர்கள் குறைவு. திருவண்ணாமலைப் பக்கம் செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் நிறைய கிடைத்திருக்கின்றன. மாடு மீட்கப்போய்ச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன், அவன் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சியாண்டு எல்லாம் கல்லில் இருக்கும். தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. தொறு (மாட்டு மந்தை) மீட்புச் சண்டையில் பட்ட வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. என் தாத்தாவோடு பஸ்ராவுக்குப் போனவன் பெயர் தெரியவில்லை.

அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஊர் தக்கோலம். 949ல் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் நடந்த போரில் யானை மேலிருந்தபடியே செத்தான் இளவரசன் ராஜாதித்தன். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டுகள் மரியாதையாகச் சொல்லும். உத்திரமேரூர்ச் சுவரில் பெயர் இருக்கும் அதே பராந்தகனின் மூத்த மகன். அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனைப் பற்றிச் சொல்லும் கல் கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்தது, இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது உண்மையில் போருக்காக எழுப்பிய கல் இல்லை. காட்டுப் பன்றியோடு மோதிச் செத்த ‘காளி’ என்ற வேட்டை நாய்க்கு எழுப்பியது. தக்கோலத்தில் சோழர் பக்கம் விழுந்த சிப்பாய்களில் எத்தனை பேருக்குப் பெயர் மிஞ்சியது? ராஜாதித்தனுக்கு நெருக்கமாக இருந்த கேரளத் தலைவர் ஒருவர், அவனோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று வெட்கி, துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்துக்குத் தலைவரானார். கூடச் சாகாமல் மிஞ்சியவர். அவருடைய கதையை ஒற்றியூர்க் கல்வெட்டு சொல்லும்.

மும்பை ரயில் வந்தது. மேல் பெர்த். குண்டக்கல்லில் இருட்டு, சோலாப்பூரில் விடியல், லோனாவாலாவில் சிக்கி விற்பவர்கள். இதைத் தவிர அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காதுகுத்து சயான் கோலிவாடாவில். தமிழர் நிறைந்த அந்தத் தெருக்களில் நடந்தால் மும்பையில் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். சடங்கு முடிந்த மறுநாள் அக்கா மகன் கேட்டான், “மாமா, எங்க போகணும்? கேட்வே, மரைன் டிரைவ், எல்லாம் காட்டிடறேன்.”

“அஃப்கன் சர்ச்சு.”

“அது எங்க இருக்கு? ஆப்கான்காரங்க கோயிலா?”

மும்பையில் பிறந்தவனுக்கே இந்தச் சந்தேகம். முறையான பெயர் புனித யோவான் தேவாலயம். யாரும் அப்படிச் சொல்வதில்லை. வெள்ளைக்காரர்கள் எந்த நாட்டில் போய்த் தோற்றார்களோ அந்த நாட்டின் பெயர் கோயிலுக்கு ஒட்டிக்கொண்டது. தோல்விக்கு இதைவிட நீடித்த ஞாபகச் சின்னம் கிடைப்பது கஷ்டம்.

ஜி.டி.பி. நகரில் லோக்கல் ஏறி சி.எஸ்.எம்.டி., அங்கிருந்து பெஸ்ட் பஸ்ஸில் கொலாபாவின் தென்கோடிக்கு. ஒரு காலத்தில் கொலாபா தனித் தீவு. கடலை மறித்துப் பாதை போட்டு ஊரோடு சேர்த்தது 1838ல். அதே ஆண்டில்தான் கம்பெனி ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்கும் முடிவு செய்தது. ருஷ்யா இந்தியப் பக்கம் வந்துவிடுமோ என்ற பயம். காபூலில் இருந்த தோஸ்த் முகமதை இறக்கிவிட்டு, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு லூதியானாவில் உட்கார்ந்திருந்த ஷா ஷுஜாவை ஏற்றிவைத்தால் போதும் என்று கவர்னர் ஜெனரல் ஆக்லாந்து நினைத்தார். பம்பாய்ப் படை கப்பலில் சிந்துவில் இறங்கி, போலன் கணவாய் வழியாக ஏறிப் போனது. 1839 ஆகஸ்டில் காபூல் கைக்கு வந்தது. ரெண்டு வருஷம் அமர்க்களமாக இருந்தார்கள்.

பிறகு 1841 நவம்பரில் காபூல் கொதித்தது. தூதர்கள் பர்ன்ஸ், மக்நாட்டன் இருவரும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். 1842 ஜனவரி 6 அன்று பனியில் பின்வாங்கல் தொடங்கியது. சுமார் 4,500 படைவீரர்கள், அதில் ஐரோப்பியர் எழுநூறு பேர் அளவில், மற்றவர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களோடு சுமார் 12,000 பேர்: சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துணி வெளுப்பவர், குதிரைக்காரர், ஒட்டகக்காரர், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். ஒரு சிப்பாய்க்கு இரண்டரைப் பேருக்கு மேல். ஜனவரி 13 அன்று ஜலாலாபாத் கோட்டைக்குக் குதிரையில் தள்ளாடி வந்து சேர்ந்தவர் டாக்டர் பிரைடன். ‘ஒரே ஒருவர் தப்பினார்’ என்று உலகமெல்லாம் சொல்லும் கதை இதுதான். சிறைப்பட்டுப் பின்னால் மீண்டவர்கள் உண்டு, தப்பிப் பிழைத்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்த சிப்பாய்களும் உண்டு. வெள்ளைக்கார டாக்டரைச் சித்திரமாகத் தீட்டிவிட்டார்கள், அதனால் அவர்தான் ஞாபகத்தில் நின்றார். அந்த ஆண்டின் கடைசியில் மறுபடி போய்க் காபூல் பெரிய கடைத்தெருவை வெடி வைத்துத் தகர்த்துப் பழி தீர்த்துக்கொண்டு திரும்பினார்கள். தோஸ்த் முகமது மறுபடி அரியணையில் உட்கார்ந்தார். ஆக்கிரமிப்புக்கு முன்னால் யார் ஆண்டாரோ அவரே ஆண்டார். அந்த ஆத்திரத்தை 1843ல் சிந்துவை விழுங்கித் தணித்துக்கொண்டது கம்பெனி.

இவ்வளவும் போன பிறகு பம்பாய்க்காரர்களுக்கு ஒரு கோயில் கட்டத் தோன்றியது. கொலாபாப் பட்டாளத்துக்கு அதுவரை ஒரு கூரைக் கொட்டகைதான் வழிபாட்டு இடம். பாளையத்துப் பாதிரியார் நினைவுக் கோயில் யோசனையை எடுத்தார். அரசு நிலம் தந்தது, ஒரு நிபந்தனையோடு: துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அடையாளமாகும்படி கோபுரம் உயரமாகத் தெரியவேண்டும். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த வரைபடம் கட்டுபடியாகவில்லை. கடைசியில் ஹென்றி கானிபேர் என்ற பொறியாளரின் வரைபடம் தேறியது. இந்த மனிதர்தான் பம்பாய்க்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த விஹார் ஏரித் திட்டத்தையும் வகுத்தவர். ஏரிப் பாசனத்து ஊரிலிருந்து போன எனக்கு அந்த ஆள் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

1847 டிசம்பர் 4 அன்று கவர்னர் ஜார்ஜ் கிளார்க் அடிக்கல் நாட்டினார். 1858 ஜனவரி 7 அன்று பிஷப் ஹார்டிங் அர்ப்பணித்தார். தேதியைக் கவனியுங்கள். ஒரு போரில் செத்தவர்களுக்குக் கோயில் கட்டி முடிக்கிற நேரத்தில் வடக்கே 1857 கிளர்ச்சியின் நெருப்பு அடங்கியிருக்கவில்லை. அந்தப் போருக்கும் ஒரு நினைவுக் கோயில் எழுந்தது, கான்பூரில், 1875ல். ஒன்றை முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தேவை வந்துகொண்டே இருந்த காலம்.

கொலாபாக் கோயிலின் ஊசிக்கோபுரம் 1865ல்தான் முடிந்தது. அதற்கு 7,500 ரூபாய் கொடுத்தவர் ஒரு பார்சி, கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி. ரெடிமணி என்பது கேலிப் பெயர் இல்லை. கேட்டவுடன் கடன் கொடுக்கும் குடும்பம் என்பதால் ஒட்டிக்கொண்டு, அவர்களே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டது. கோபுரம் 198 அடி. இன்று சுற்றிலும் எழுந்திருக்கும் அடுக்கு வீடுகளுக்கும் மரங்களுக்கும் இடையில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் அதன் நுனிதான் முதலில் தெரியும்.

உள்ளே ஏதோ மராமத்துக்காகச் சாரம் கட்டியிருந்தார்கள். காவலாளி, சட்டென்று பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று கைஜாடை காட்டினார். வெளியே கொளுத்திய வெயில் உள்ளே வரவில்லை. கூர்வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே ஓடுகின்றன. கிழக்குச் சன்னலில் இங்கிலாந்தின் வில்லியம் வெய்ல்ஸ் செய்த வண்ணக் கண்ணாடி. தரையில் அங்கிருந்து கப்பலேறி வந்த ஓடுகள். இருக்கைகளைத் தடவிக்கொண்டே போன அக்கா மகன் ஒரு பள்ளத்தைக் காட்டினான்.

“மாமா, இது என்ன, குடை வைக்கிறதா?”

துப்பாக்கி சாய்த்து வைக்கிற பள்ளம். 1857 மே மாதம் மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயிலுக்குப் போகிற நேரத்தில். அதற்குப் பிறகு வெள்ளைக்காரப் பட்டாளம் வழிபாட்டுக்கும் ஆயுதத்தோடு போகத் தொடங்கியது. சமாதானப் பிரபுவுக்கு முன்னால் துப்பாக்கியைச் சாய்த்துவைத்துவிட்டு மண்டியிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பலிபீடத்தைச் சுற்றிய சுவர்களில் பெயர்கள். படைப்பிரிவு வாரியாக, பதவியோடு. ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் அதிகாரிகள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. பத்தொன்பது, இருபது வயசில் கப்பலேறி வந்து, இன்னதென்று தெரியாத ஒரு கணவாயில் பேதி கண்டு செத்த பையன்களும் அதில் இருந்திருப்பார்கள்.

நான் தேடி வந்தது வேறொரு வாசகம். கோயில் யாருக்காகக் கட்டப்பட்டது என்று சொல்லும் அர்ப்பணிப்பு வாசகம் அது. இங்கே சுவரில் பெயர் எழுதப்பட்டிருக்கும் அதிகாரிகளின் நினைவாகவும், 1838 முதல் 1843 வரை சிந்துவிலும் ஆப்கானிஸ்தானிலும் நோயாலும் வாளாலும் மடிந்த மற்றப் படைவீரர்களின் நினைவாகவும் இது எழுப்பப்பட்டது என்கிறது. அந்த மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறது: பெயர் எழுத முடியாத அளவுக்கு அவர்கள் அதிகம் என்று.

எனக்கு இந்த வாசகம் பிடித்திருந்தது என்று சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். திமிரில்லையா அது, அதிகாரிக்குச் சுவர், சிப்பாய்க்கு ஒரு வரியா என்று. திமிர்தான். இடமில்லை என்பதும் நொண்டிச் சாக்கு. அந்தக் கூடத்தின் நான்கு சுவரிலும் எழுதியிருந்தால் எவ்வளவோ பேர் அடங்குவார்கள். இருந்தாலும் அந்த வரி ஒன்றை ஒப்புக்கொள்கிறது: இந்தச் சுவர் முழுக் கணக்கு இல்லை, விடுபட்டவர்கள் உண்டு. புள்ளலூர்த் தூண்கள் அதைச் சொல்லவில்லை. நம்முடைய மெய்க்கீர்த்திகளும் சொல்லவில்லை. ராஜா வென்ற நாடுகளின் பட்டியல் நீளும், அவனோடு போய்த் திரும்பாதவர்களுக்கு அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. கணக்குக் காட்டாதவனை விலக்கி வைத்த ஊர்க்காரன் நான். விடுபட்டதை விடுபட்டது என்று எழுதியவனுக்குப் பாதி மதிப்பெண்ணாவது போடத்தான் தோன்றுகிறது.

ஆனால் அந்த வரியிலும் இல்லாதவர்கள் உண்டு. மற்றப் படைவீரர்கள் என்பதில் சமையல்காரர் வரமாட்டார். தண்ணீர் சுமந்தவர் வரமாட்டார். காபூலிலிருந்து பனியில் நடந்த அந்தப் பன்னிரண்டாயிரத்தில் துணி வெளுத்தவர் வரமாட்டார்.

வெளியே டீக்கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். பேச்சைக் கேட்டவுடன் கண்டுபிடித்துவிட்டார்.

“அண்ணாச்சி, எந்தூரு?”

“காஞ்சிபுரம் பக்கம், மானாம்பதி.”

“கோயிலுக்குள்ள அப்படி என்ன பாத்தீய இவ்ளோ நேரம்?”

“பேரு படிச்சிட்டு இருந்தேன்.”

“நம்மாளு பேரு ஒண்ணாச்சும் இருக்கா?”

இல்லை என்றேன். அவர் இதற்காகப் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீ, நன்றாக இருந்தது.

பெயரை எல்லாருக்கும் ஒன்றுபோல எழுதவேண்டும் என்ற எண்ணம் பிரிட்டிஷ்காரர்களுக்கு முதல் உலகப் போரில்தான் வந்தது. 1917ல் போர்க் கல்லறைகளுக்காக ஒரு ஆணையம் வைத்தார்கள். பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி மரியாதை என்பது அதன் கொள்கை. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில் வரிசை வரிசையாக ஒரே அளவுக் கற்களைப் பார்த்தால் அந்தக் கொள்கை கண்ணில் தெரியும். ஆனால் எங்கள் பாட்டியின் ‘பசுரா’வில் அதே ஆணையம் எழுப்பிய நினைவிடத்தில் இந்தியர்களில் அதிகாரிகள் பெயரோடும், சிப்பாய்கள் எண்ணிக்கையாகவும் இடம் பெற்றார்கள். 2021ல் ஆணையமே ஆய்வு நடத்தி ஒப்புக்கொண்டது: முதல் உலகப் போரில் மடிந்த 45,000 முதல் 54,000 பேர் வரை, பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் இந்தியரும், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. அதற்கு மன்னிப்பும் கேட்டது.

வட ஆர்க்காட்டுப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் சலவைக்கல் பலகை பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டு எண்கள், அவ்வளவுதான். சிறு வயசில் அதை யாரோ போட்ட கணக்குப் பாடம் என்று நினைத்திருக்கிறேன்.

திரும்பி வந்த அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். தாத்தாவோடு போனவர் பெயர் யாருக்காவது தெரியுமா என்று. அம்மா யோசித்தாள். மேலத் தெருவில் ஒரு கிழவர் இருந்தார், அவருக்குத் தெரிந்திருக்கும் என்றாள். அவர் போய்ப் பதினோரு வருஷம். அடுத்த நாள் உளுந்தைக் கொட்டிவிட்டுத் தகரப் பெட்டியைத் துடைத்துப் பார்த்தேன். மூடியின் உட்புறம் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு எண் எழுதியிருந்தது, பாதி அழிந்து. தாத்தாவின் பெயர் அதிலும் இல்லை.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ, வேப்பமரத்தடியிலோ, துணி துவைக்கிற துறையிலோ, கையில் வில்லோ வாளோ பிடித்த ஆள் செதுக்கிய கல் கிடந்தால், அதன் மேல் மஞ்சள் பூசியிருந்தாலும் சரி, எண்ணெய் ஊற்றியிருந்தாலும் சரி, எழுத்து தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் படம் எடுத்துக் காஞ்சிபுரம் அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ அனுப்புங்கள். வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருந்தால், கூடப் போனவர்களின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.